ஆழத்து மூலம் மேலே தெரிவது ஏன்?

தலையில் ஒட்டிய மின்முனைகளால் மூளை அலைகளைப் பதிந்து (EEG) அவற்றின் மூலத்தைத் தேடியபோது, மூளையின் ஆழத்தில் எதிர்பார்த்தது மேற்பரப்பில் தெரிவதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பதிவில் பிழையில்லை. மூலத்தின் இடத்தைக் கணிக்க நீங்கள் பயன்படுத்திய 'மினிமம் நார்ம்' முறையின் இயல்பே அது. மொத்த மின்னோட்டம் மிகக் குறைவாக வரும் விடையைத்தான் அது தேர்ந்தெடுக்கும். மின்முனைக்கு அருகிலுள்ள மூலத்துக்குச் சிறிய மின்னோட்டமே போதும். அதனால்தான் நீங்கள் மூளையின் ஆழத்திலுள்ள ஹிப்போகாம்பஸில் எதிர்பார்த்தது, காதுக்கு மேலுள்ள மூளைப் புறணியில், அதாவது வெளிப்படலத்தில், வந்து விழுகிறது. கணக்கில் ஆழமான மூலங்களுக்குக் கூடுதல் எடை கொடுங்கள், அல்லது இந்தச் சாய்வைத் திருத்தும் எஸ்-லொரேட்டா (sLORETA) முறைக்கு மாறுங்கள்.

சோதிக்க ஒரு வழி: கணினியில் நீங்கள் பயன்படுத்திய அதே தலை மாதிரியில், ஹிப்போகாம்பஸில் செயற்கை இருமுனை (ஒரு சிறு மின்னோட்ட மூலம்) ஒன்றை வைத்து, அதன் அலைகளைக் கணித்து, உங்கள் பதிவின் அளவுக்கு இரைச்சலும் கலந்து, மீண்டும் இடம் தேடுங்கள். அதுவும் மேலே வந்தால் குற்றவாளி முறைதான்.

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில் பதிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வியர்வை மெதுவான அலைவுகளைத் தரும். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிட்டு இரைச்சலைக் கணியுங்கள்.

ஆனால் 19 மின்முனைகளை நம்பி 'ஹிப்போகாம்பஸ்தான்' என்று ஆய்வறிக்கையில் அடித்து எழுதிவிடாதீர்கள். வெளியே அளக்கும் ஒரே மின்னழுத்தப் பரவலைப் பல உள் அமைப்புகள் தரலாம். இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிய சிக்கல் இது. மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தப் பதிவு (MEG) கிடைத்தாலும் முற்றாகத் தீராது. ஆழத்து மூலங்களுக்கு அதன் உணர்திறன் இன்னும் குறைவு.