நீர் வறுமைக்கு ஒற்றை எண் போதுமா?

அன்புள்ள ஐயா,

நீர் வறுமைக் குறியீட்டெண் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முதுகலை ஆய்வுக்காகச் சில கிராமங்களை அதைக் கொண்டு தரவரிசைப்படுத்தப் போகிறேன். ஐந்து கூறுகளுக்கும் சம எடை கொடுத்தால் சரியா? வருகிற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கவிதா

அன்புள்ள கவிதா,

முதலில் அதன் பலம். அதற்கு முன் பெரிதும் புழங்கியது ஃபால்கன்மார்க் அளவுகோல். ஒரு நாட்டில் கிடைக்கும் நீர் தலைக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே பற்றாக்குறை. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் குடத்துக்கு வந்து சேர்கிறதா என்று அது கேட்பதில்லை. 2002இல் ஆய்வாளர் கரோலின் சல்லிவன் முன்வைத்த நீர் வறுமைக் குறியீட்டெண் அதைக் கேட்டது. நீர்வளம், கிடைக்கும் வசதி, மக்களின் திறன், பயன்பாடு, சுற்றுச்சூழல் என ஐந்து கூறுகள். தென்னாப்பிரிக்கா, தான்சானியா, இலங்கை ஆகிய நாடுகளில் வீடு வீடாகக் கேட்டுச் சோதித்தார்கள். நாடுகளின் பட்டியலில் பின்லாந்து முதலிடத்திலும் ஹைட்டி கடைசியிலும் வந்தன.

சம எடையில்தான் சிக்கல். ஒவ்வொரு கூறுக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஒரு கிராமத்தில் நீர்வளம் 90, வசதி 10, மற்ற மூன்றும் 50 என்று வையுங்கள். சராசரி 50. ஐந்திலும் 50 வாங்கிய கிராமத்துக்கும் அதே 50தான். முதல் ஊரில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வீட்டுக்கு வர வழியில்லை; அந்தத் துயரத்தைக் கூட்டல் விழுங்கிவிடுகிறது. ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால் முதல் ஊர் 41க்கு இறங்கும். ஆனால் ஒரு கூறு பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எனவே எந்த மதிப்பெண்ணும் 1க்குக் கீழே போகாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மதிப்பெண்ணாக மாற்றும் இடம். உங்கள் கிராமங்களிலேயே மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எல்லையாக வைக்காதீர்கள். குழாய் இணைப்பு 20 முதல் 60 சதவீதம் வரை இருந்தால், 40 சதவீத ஊருக்கு 50 மதிப்பெண். அடுத்த ஆண்டு முதலிடத்து ஊர் 80 சதவீதம் எட்டினால், எதுவும் மாறாத அந்த ஊர் 33க்கு விழும். 0, 100 சதவீதம் என்று நிலையான எல்லை வையுங்கள். பயன்பாட்டுக்கு ஜல் ஜீவன் திட்டத்தின் தலைக்கு நாளுக்கு 55 லிட்டரை மேல் எல்லையாக வைக்கலாம்.

திறன் என்ற கூறில் வருமானமும் கல்வியும் இருக்கின்றன. பணமுள்ள ஊரில் குழாயும் இருக்கும். ஆக ஒரே விஷயம் இரண்டு முறை எண்ணப்படுகிறது. நீர் வறுமையை அளக்கப் போய் வெறும் வறுமையை அளந்துவிட்டு வருவோம். கூறுகளுக்கு இடையிலான ஒட்டுறவை, அதாவது ஒன்று ஏறும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து ஏறுகிறது என்பதைக் கணக்கிட்டு அறிக்கையில் வெளிப்படையாகப் போடுங்கள்.

எந்த எடையாலும் தீராத குறை ஒன்று உண்டு: ஊர்ச் சராசரி. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவும், குழாயின் கடைசி முனையில் இருக்கும் காலனியும் ஒரே எண்ணுக்குள் போய்விடும். என் பார்வையில் இதுதான் பெரிய அநியாயம். தெருவாரியாக மாதிரி எடுங்கள். கார்த்திகையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை கேளுங்கள். போய் வரும் நேரத்தோடு வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேருங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அடிப்படைச் சேவைக்கு வைத்திருக்கும் 30 நிமிட வரம்பில் வரிசையும் அடக்கம். கூடவே 2019இல் வந்த வீட்டு நீர்ப் பாதுகாப்பின்மை அளவுகோலின் 12 கேள்விகளையும் கேளுங்கள். கடந்த நான்கு வாரங்களில் கை கழுவ, துணி துவைக்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் எத்தனை முறை திண்டாடினீர்கள் என்ற வகைக் கேள்விகள். மொத்த மதிப்பெண் 36; அதில் 12ம் அதற்கு மேலும் வந்தால் அந்த வீட்டுக்கு நீர்ப் பாதுகாப்பு இல்லை. தண்ணீர் சுமப்பவரிடமே கேட்க வேண்டும், பெரும்பாலும் அது பெண்தான்.

தரவரிசையை வெளியிடுமுன் எடைகளை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் அடியிலேயே நிற்கும் ஊர்களை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். நடுவில் இடம் மாறும் ஊர்களுக்கு வரிசை எண் வேண்டாம். ஐந்து மதிப்பெண்களையும் தனித்தனியாக அச்சிடுங்கள். பஞ்சாயத்துத் தலைவருக்குத் தேவை 47 என்ற கூட்டுத்தொகை அல்ல, குழாய் போடுவதா, ஏரியைத் தூர்வாருவதா என்ற விவரம்.