கிக்பாக்சிங்கில் தாடை உடைந்தால் மெடிக்ளைம் கிடையாதா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் 1,200 ரூபாய் கட்டி ஒரு தனியார் கிக்பாக்சிங் போட்டியில் இறங்கினான். இரண்டாவது ரவுண்டில் தாடை உடைந்துவிட்டது. ரிங் பக்கம் டாக்டரும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போனோம். பிளேட் வைத்ததில் செலவு 2 லட்சத்தைத் தாண்டியது. 'ஆபத்தான விளையாட்டு' என்று மெடிக்ளைமில் பணம் தர மறுக்கிறார்கள். நடத்தியவர்களோ, 'அடிபட்டால் தன் பொறுப்பு என்று உங்கள் பையன் எழுதிக் கொடுத்திருக்கிறான்' என்கிறார்கள். இன்சூரன்ஸ் எடுப்பது அவர்கள் பொறுப்பு இல்லையா?

பதில்: நியாயப்படி பொறுப்புதான் அம்மா. கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம்தான் இல்லை. அமெரிக்காவில் தொழில்முறை குத்துச்சண்டை நடத்த இன்சூரன்ஸும் ரிங் பக்கம் டாக்டரும் வேண்டும் என்று 1996லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே 2022 ஆகஸ்டில், சென்னையில் நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில் அடிபட்ட அருணாசலப் பிரதேச வீரர் உயிரே போனது.

சரி, உங்கள் பாலிசியை எடுங்கள். விலக்குகள் பகுதியில் 09 என்ற எண்ணில் ஆபத்தான விளையாட்டு பற்றி இருக்கும். மலையேற்றம், மோட்டார் ரேஸ், ஸ்கூபா டைவிங் என்று பட்டியல் நீளும். அதற்கு முன்னால் 'தொழில்முறையாக ஈடுபட்டு' என்று ஒரு நிபந்தனை உண்டு. கிளைமை மறுப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மெடலுக்காக மோதிய மாணவன் எப்படித் தொழில்முறை வீரன் ஆவான்? கல்லூரி ஐடி, போட்டி நோட்டீஸ் நகலோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பரிசுப் பணத்துக்கு மோதியிருந்தாலோ, சம்பளத்துக்குக் கோச்சாக இருந்தாலோ மறைக்காதீர்கள்; உண்மையால் கேஸ் பலவீனமாகலாம், பொய்யால் மொத்தமும் போய்விடும். ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எனக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. குத்து விழும் என்று தெரிந்துதான் ஏறினான். குத்துக்காக யாரையும் கேட்க முடியாது. டாக்டர் இல்லாததற்கும் சேர்த்துச் சம்மதித்தான் என்று ஆகிவிடாது. காசு வாங்கி நடத்தியதால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய பணம் 1,200தான் என்பதால் கோர்ட் ஃபீஸும் இல்லை.

ஆனால் டாக்டர் இல்லாததால் தாடை உடையவில்லையே. தாமதத்தால் என்ன கூடுதலாகக் கெட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால்தான் பெரிய தொகை கேட்க முடியும். எதிராளியின் எடையையும் பாருங்கள். 60 கிலோ பிரிவில் 70 கிலோக்காரனை இறக்கியிருந்தால் கேஸே வேறு. வெயிட் எடுத்த தாளின் நகலை இந்த வாரமே கேளுங்கள். போனில் வேண்டாம், ஸ்பீட் போஸ்டில்.