ரூட் கெனால் செய்த பல் மறுபடி வலித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப்பும் போட்டேனுங்க. சில மாதத்திலேயே கடித்தால் வலிக்குது. கோவையில் வேறொரு டாக்டர், "உங்க பல்லோட வேர் அமைப்பே வேற மாதிரி, ஸ்கேன் எடுத்துட்டு மறுபடி செய்யணும்" என்கிறார். முதலில் செய்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமுங்களா?
– வாசகி, பெருந்துறை

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப் பல்லில் பொதுவாக இரண்டு வேர்கள், அவற்றுக்குள் நரம்பு ஓடும் மூன்று மெல்லிய கால்வாய்கள். சிலருக்கு வேர்கள் ஒட்டிப்போய், கால்வாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பிறை போல வளைந்திருக்கும். அதன் ஒடுங்கிய இடுக்குகளுக்குள் கால்வாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி எளிதில் போகாது. அங்கே தங்கும் கிருமிதான் பிறகு வலியைக் கிளப்பும். சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம் என்பதால் இந்த வளைவு தெரியாமல் போகலாம். முப்பரிமாண ஸ்கேனில் தெரியும். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நாலாவது கால்வாய் தவறிப்போவதும் இப்படித்தான். அந்தக் கால்வாய் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது.

ஆகவே வலி திரும்பியதாலேயே கவனக்குறைவு என்று ஆகிவிடாது. சிக்கல் தெரிந்தும் உங்களிடம் மறைத்தாரா, எக்ஸ்ரேவே எடுக்காமல் அடைத்தாரா, வலி என்று போனபோது மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினாரா? கேட்க வேண்டியது இதைத்தான். முதலில் அவரிடமே போய் எல்லா எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு, ரசீது நகல்களையும் எழுத்துமூலம் கேளுங்கள். நேர்மையான மருத்துவர் பல நேரம் கட்டணமில்லாமலோ குறைத்தோ மறுசிகிச்சைக்கு வழி செய்வார்.

மறுத்தால் சட்டப்படி கேட்கலாம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ஆனால் இன்னொரு பல் மருத்துவரின் எழுத்துக் கருத்து கையில் இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். யோசனை கேட்கத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.

மறுசிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் வேர் சிகிச்சையில் மேற்படிப்பு படித்தவரா, மைக்ராஸ்கோப் உண்டா, பழைய கேப்பைக் கழற்றினால் புதுக் கேப்பின் விலையும் சேர்த்தா என்று கேட்டு, தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு மலைப்பாக இருந்தால் கோவை, திருச்செங்கோடு பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். ஸ்கேனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுபக்கப் பல்லிலும் இதே அமைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பல்லில் யார் கை வைத்தாலும் முதலில் இந்த ஸ்கேனைக் காட்டுங்கள்.