கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்துத் தனியார் தங்கக் கட்டிகள் ஏன் இவ்வளவு அரிது?

சுருக்கமான பதில்: அவை உருக்கப்படுவதற்காகவே வார்க்கப்பட்டவை.

1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கொலோமாவில் தங்கம் தென்பட்டதும் ஆட்கள் குவிந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் அரசு நாணயச்சாலை திறந்ததோ 1854-இல்தான். பொடியாகக் கிடைத்த தங்கத்தை அப்படியே விற்றால் சுரங்கத் தொழிலாளிக்கு நஷ்டம். எடையிலும் மாற்றிலும் (தங்கத்தின் சுத்த அளவிலும்) ஏமாற்றுவார்கள். அதனால், நாணயச்சாலை திறந்த பிறகும்கூட, கெல்லாக் & ஹம்பர்ட், ஜஸ்ட் & ஹன்டர் போன்ற தனியார் மாற்றுப் பரிசோதகர்கள் அதை உருக்கி, கட்டியாக வார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

ஒரு கட்டியைக் கூர்ந்து பாருங்கள். வரிசை எண், அவுன்ஸில் எடை, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம், டாலர் மதிப்பு எல்லாம் அதன் மேலேயே இருக்கும். சுத்தத் தங்கத்தின் அன்றைய விலை அவுன்ஸுக்கு 20.67 டாலர். 10 அவுன்ஸ், 900 மாற்று (ஆயிரத்துக்கு 900 பங்கு சுத்தம்) என்றால் 186.03 டாலர்; நீங்களே பெருக்கிச் சரிபார்க்கலாம். மூலையில் சிறு வெட்டு தெரியும். அது சேதமல்ல, மாற்றுப் பார்க்க எடுத்த துணுக்கின் தடம். எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெட்டுதான்.

இந்தக் கட்டிகள் நாணயச்சாலைகளுக்குப் போய், உருக்கப்பட்டு நாணயமாயின. தப்பியவற்றில் பெரும்பாலானவை கடலில் கிடந்தவை: 1857 செப்டம்பரில் புயலில் மூழ்கிய எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா கப்பலில் இருந்தவை. சுமார் 425 பேர் இறந்த விபத்து அது. 1988 முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டிகளை மேலே கொண்டுவந்தார்கள். அதற்கு முன் சேகரிப்பாளர்களிடம் இருந்தவை மிகச் சொற்பம். மீட்கப்பட்டதில் மிகப் பெரியது ஏறக்குறைய 933 அவுன்ஸ். 2001-இல் 80 லட்சம் டாலருக்கு விலைபோனது.