மெக்சிகோவின் மிகப் பழைய கால்பந்துக் கிளப்பான பச்சூகாவைத் தொடங்கியவர்கள் ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளர்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. அவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால்காரர்கள். தங்களை ஆங்கிலேயர் என்று சொல்வதைவிடக் கார்ன்வால்காரர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பும் மக்கள். ‘தொழிலாளர்கள்’ என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. அதற்குக் கடைசியில் அல்ல, நடுவிலேயே வருகிறேன். ஏனென்றால் இந்தக் கிளப்பின் முதல் இருபது ஆண்டுக் கதையே அந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

பச்சூகா என்ற பெயர் எனக்கு அறிமுகமானது கால்பந்தின் வழியாக அல்ல, ஒரு தொட்டியின் பெயராக. நான் தாதுவைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்த முதல் வாரம், இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ‘மூன்றாம் பச்சூகாவில் காற்று குறைந்திருக்கிறது, போய்ப் பார்’ என்றார். இரும்புப் படியேறி மேலே போனேன். பல மாடி உயரமுள்ள உருளை, அடியில் புனல்போலக் குறுகுகிறது. நடுக் குழாயில் அழுத்தக் காற்றை ஊதினால், மாவாக அரைத்த தாதும் தண்ணீரும் கலந்த சாம்பல் நிறக் குழம்பு குழாய்க்குள் ஏறி, மேலே வந்து பொங்கி, ஓரமாக மறுபடி கீழே இறங்குகிறது. அன்று அது பொங்கவில்லை. கொதி அடங்கிய சாம்பாரைப் போல லேசாக முனகிக்கொண்டிருந்தது. காற்று வால்வைச் சரிசெய்துவிட்டு இறங்கி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: பச்சூகா என்றால் என்ன?

அது மெக்சிகோவின் இதால்கோ மாநிலத் தலைநகரம். மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே 90 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெள்ளிச் சுரங்க ஊர். அங்கே வெள்ளியைப் பிரிக்கப் பயன்பட்டதால் அந்த வகைத் தொட்டிக்கு உலகம் முழுவதும் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைத் தேடிப் படிக்கப் போனவன்தான் கால்பந்துக் கிளப்பில் போய் முட்டிக்கொண்டேன்.

கதை 1824இல் தொடங்குகிறது. மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பத்தாண்டுக்கு மேல் நடந்த போரில் கவனிப்பாரற்றுப் போன சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பியிருந்தது. பச்சூகாவுக்கு மேலே மலையில் ரெயால் தெல் மோந்தே என்றொரு சிற்றூர். அங்குள்ள பழைய வெள்ளிச் சுரங்கங்களை மீட்க லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் முதன்மையான சூத்திரதாரி ஜான் டெய்லர் என்ற சுரங்கப் பொறியாளர். ஆழச் சுரங்கத்திலிருந்து நீராவி இயந்திரத்தால் நீர் இறைக்கும் வித்தையில் அன்று கார்ன்வால்காரர்களை மிஞ்ச ஆளில்லை. அதனால் ஆட்களும் இயந்திரங்களும் அங்கிருந்தே கப்பலேறின.

1825இல் வெராக்ரூஸ் அருகே மொகாம்போ கடற்கரையில் இறங்கியவர்கள் மஞ்சள் காய்ச்சலுக்குக் கொத்துக்கொத்தாகப் பலியானார்கள். பிழைத்தவர்கள் ஏறத்தாழ 1,500 டன் இரும்பைக் கோவேறு கழுதைகளையும் வண்டிகளையும் கொண்டு மலையேற்றினார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கு மேல் அவை போய்ச் சேர 1826ஆம் ஆண்டு ஆகிவிட்டது. கம்பெனி பெரும் நஷ்டப்பட்டு 1849இல் மெக்சிகோ முதலாளிகளிடம் கைமாறியது. ஆனால் கார்ன்வால்காரர்கள் திரும்பிப் போகவில்லை. 1866இல் தாமிர விலை விழுந்து கார்ன்வாலில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜான் டெய்லரின் குடும்ப நிறுவனம்தான் 1880இல் கோலார் தங்கவயலின் நிர்வாகத்தை ஏற்றது. அங்கும் அவர்கள் கார்ன்வால்காரர்களைத்தான் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். தோண்டுவதற்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து போனவர்களில் என் தாத்தாவின் அப்பாவும் ஒருவர். தாத்தா அங்கேயே பிறந்து, அங்கேயே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சுரங்க மேற்பார்வையாளரைக் கார்ன்வாலில் ‘கேப்டன்’ என்பார்கள். தாத்தாவும் கடைசிவரை ‘கேப்டன் வந்தார், கேப்டன் திட்டினார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சிறு வயதில் நான் அவரை ராணுவத்தில் இருந்தவர் என்றே நினைத்திருந்தேன்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. வெள்ளைக்காரர்கள் விளையாடும் திடலைச் சுற்றிக் கம்பி வேலி. பந்து வேலியைத் தாண்டி வந்து விழுந்தால் வெளியே நிற்கும் பையன்கள் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை தாத்தா காலால் உதைத்து அனுப்பிவிட்டார். பந்து நேராக வேலியைத் தாண்டி உள்ளே போய் விழுந்தது. உள்ளேயிருந்த ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தார். ‘கைதட்டியவர் முகம் நினைவில் இல்லை, பிரம்புக்காரர் முகம் நன்றாக நினைவிருக்கிறது’ என்பார்.

பச்சூகா கிளப்பின் தொடக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலி கண்ணில் படுகிறது. நான் ‘தொழிலாளர்கள்’ என்ற சொல்லை ஏற்கத் தயங்குவது இதனால்தான். சொந்த ஊரில் அவர்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள், பசியால் ஊரை விட்டு வந்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1900 வாக்கில் பச்சூகாவில் அவர்கள் கேப்டன்களாகவும், இயந்திரங்களைப் பராமரிப்பவர்களாகவும், கணக்கு எழுதுபவர்களாகவும் இருந்தார்கள். பாறையை உடைத்துச் சுமந்தவர்கள் மெக்சிகர்கள். அதே ரெயால் தெல் மோந்தேயில் 1766இலேயே, தோண்டியெடுத்த தாதுவில் தங்களுக்கு மரபாகக் கிடைத்துவந்த பங்கை முதலாளி வெட்டியதற்காக வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் வழிவந்த ஊர் அது. கால்பந்து அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதல்ல.

முதலில் வந்தது கால்பந்துகூட அல்ல, கிரிக்கெட். பச்சூகாவிலும் பக்கத்து வெலாஸ்கோவிலும் கார்ன்வால்காரர்கள் கிரிக்கெட் குழுக்கள் வைத்திருந்தார்கள். 1890களில் இத்தகைய குழுக்கள் ஒன்றுசேர்ந்து பச்சூகா அத்லெடிக் கிளப் உருவானது. ஞாயிற்றுக்கிழமை மெத்தடிஸ்ட் கோயில், ஓய்வு நேரத்தில் மட்டையும் பந்தும். கால்பந்துக் கிளப்பின் பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது 1901 நவம்பர் 28. மெக்சிகோவில் முதலில் பந்து உருண்டது எங்கள் ஊரில்தான் என்று ரெயால் தெல் மோந்தேக்காரர்கள் டொலோரஸ் சுரங்கத் திடலைக் காட்டுகிறார்கள். வெராக்ரூஸ் மாநிலத்து ஒரிசாபா நகரமும் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகிறது. இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல.

சந்தேகத்துக்கு இடமில்லாதது 1902. அந்த ஆண்டு ஐந்து கிளப்புகள் சேர்ந்து நாட்டின் முதல் லீகைத் தொடங்கின: பச்சூகா, ஒரிசாபா, தலைநகரிலிருந்து ரிஃபோர்மா, பிரிட்டிஷ் கிளப், மெக்சிகோ கிரிக்கெட் கிளப். ஐந்துமே பிரிட்டிஷ்காரர்களின் கிளப்புகள். ஒரிசாபா சணல் ஆலையில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களின் அணி. முதல் பட்டத்தை அவர்களே வென்றார்கள். பச்சூகாவுக்கு முதல் பட்டம் 1904-05 பருவத்தில் கிடைத்தது. இந்த லீகில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாரும் அமெச்சூர்கள். மெக்சிகோவில் தொழில்முறை லீக் வந்தது 1943இல்தான். ஆகவே ‘மிகப் பழைய தொழில்முறைக் கிளப்’ என்று யாராவது சொன்னால், இன்று தொழில்முறையாக ஆடுபவற்றில் மிகப் பழையது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காலத்துப் பச்சூகாவில் கார்ன்வால்காரர்களின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு ஊரின் நடுவே நிற்கும் மணிக்கூண்டு சாட்சி. 40 மீட்டர் உயரம், வெள்ளைக் கல். விடுதலைப் போரின் நூற்றாண்டுக்காக 1910 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் ரூல், கார்ன்வாலிலிருந்து வந்து சுரங்க அதிபராக உயர்ந்தவர். அவருடைய மாளிகையில்தான் இன்று நகராட்சி அலுவலகம் இருக்கிறது. மணிக்கூண்டு திறந்து இரண்டு மாதம் தாண்டும்போது, நவம்பர் 20 அன்று, மெக்சிகோப் புரட்சி வெடித்தது.

பிறகு 1914. ஐரோப்பாவில் போர் மூண்டதும் பிரிட்டிஷ் இளைஞர்கள் பலர் மெக்சிகோவை விட்டுக் கிளம்பிப் போர்முனைக்குப் போனார்கள். தலைநகரின் பிரிட்டிஷ் கிளப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பச்சூகா ஓயவில்லை. காலியான இடங்களுக்கு உள்ளூர்ப் பையன்கள் வந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஓரிருவராக மெக்சிகர்கள் அணிக்குள் வரத் தொடங்கியிருந்தாலும், கதவு முழுக்கத் திறந்தது இப்போதுதான். அப்படி மாறிய அணிதான் 1917-18இலும் 1919-20இலும் பட்டம் வென்றது. கிளப்பின் தொடக்க வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த இரண்டு பட்டங்களைத்தான். 1905 பட்டம் கேப்டன்களின் பட்டம். இவை ஊரின் பட்டங்கள்.

வந்தவர்கள் கற்றுக்கொடுத்ததையும் மறைக்கக் கூடாது. பச்சூகாவுக்கு ஆடிய கார்ன்வால்காரர்களில் ஆல்ஃப்ரெட் க்ரோல் என்பவர் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார். 1935இல் சான் சால்வதோரில் நடந்த மத்திய அமெரிக்க விளையாட்டுப் போட்டியில் மெக்சிகோ தேசிய அணி தங்கம் வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர்தான்.

கார்ன்வால் விட்டுச்சென்ற இன்னொன்று உணவு. ‘பாஸ்தே’ என்று இன்று பச்சூகாவின் தெருவெங்கும் விற்கிறார்கள். நம் சோமாசியைப் போல மாவை அரைவட்டமாக மடித்து ஓரத்தை முறுக்குவார்கள், ஆனால் உள்ளங்கை நிறையும் அளவு பெரியது. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். முறுக்கிய ஓரம் தடியாக இருப்பதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது சுரங்கம்: அழுக்கும் நஞ்சும் படிந்த விரல்களால் ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு, பிடித்த பகுதியை எறிந்துவிடலாம். மெக்சிகர்கள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே பச்சை மிளகாயை வைத்தார்கள். கால்பந்தும் ஏறக்குறைய அதே வழியில்தான் கைமாறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1920களின் தொடக்கத்தில் கிளப் கலைந்துபோனது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பச்சூகா என்ற பெயரில் பெரிய அணி இல்லை. சுரங்கங்களை 1906 முதல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று நடத்திவந்தது. 1947இல் அவை மெக்சிகோ அரசின் கைக்கு வந்தன. 1950இல் இரண்டாம் பிரிவு லீக் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் அணிகளில் ஒன்றாகப் பச்சூகா மறுபடி பிறந்தது. 1967இல் முதல் பிரிவுக்கு ஏறியது, பிறகு இறங்கியது, 1990களின் இறுதியில்தான் நிலைத்தது. 1999இல் தொழில்முறை லீகின் முதல் பட்டம் வென்றது.

இவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பிறகும் 1901ஐப் பிறந்த ஆண்டாகச் சொல்வது நியாயமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயம்தான் என்பேன். காகிதத்தில் தொடர்ச்சி அறுந்திருக்கலாம். ஆனால் 1950இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. அதே மலை, அதே சுரங்கம், அதே ஊரின் பிள்ளைகள். கிளப்பின் பட்டப்பெயரே அதைச் சொல்கிறது. பச்சூகாக்காரர்களை ‘தூசோஸ்’ என்று அழைப்பார்கள். தூசோ என்பது நம் பெருச்சாளியைப் போல மண்ணைக் குடைந்து வளை தோண்டும் பிராணி. சுரங்கத்தில் தோண்டுபவர்களுக்கான பெயர் அது. கேப்டன்கள் தொடங்கிய கிளப்புக்கு இன்று தோண்டுபவர்களின் பெயர்.

தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. அப்போது தாத்தா உயிரோடு இல்லை. அந்தத் திடல் இருந்த இடத்தை அப்பா ஒருமுறை எனக்குக் காட்டினார். வேலி இல்லை, துருப்பிடித்த இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. ஐந்தாறு பையன்கள் செருப்புகளை அடுக்கிக் கோல் கம்பமாக்கிப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.