விக்டரியை ஆறு வருடம் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவனின் பதில்

"மரவேலை தெரியாத ஒருவர் பழைய பாய்க்கப்பல்களின் மாதிரிகளைச் செய்யத் தொடங்கலாமா? முதலில் எந்தக் கப்பலை எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். விக்டரி என்ற பழைய பிரித்தானியப் போர்க்கப்பலை மட்டும் எடுக்காதீர்கள்.

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு விளங்குகிறது. நாலைந்து வீடியோ பார்த்திருப்பீர்கள். பித்தளைப் பீரங்கி, முடிச்சு முடிச்சாய்க் கயிறு, அலங்காரமான பின்பக்கம் எல்லாம் கண்ணுக்குள் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் யாரிடமோ, கப்பல் மாதிரிக்கான பாகங்கள் அடங்கிய பெட்டி ஒன்று சொல்லிவிட்டிருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். நானும் அப்படித்தான் விழுந்தேன்.

அக்காவின் மகன் கனடாவில் இருந்து வந்தபோது, "மாமா, நீங்கள் முந்திப் படம் கீறுகிற வேலைதானே பார்த்தனீங்கள், இது உங்களுக்குச் சிம்பிள்" என்று சொல்லிப் பெட்டியைக் கையில் தந்தான். 1765 இல் நீரில் இறங்கிய, 1805 இல் டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் நின்ற அதே விக்டரி. அந்தச் சண்டையின்போது அதில் 104 பீரங்கி. ஒரு பீரங்கி வண்டிக்கு நாலு சில்லு. வெளியே மூக்கு மட்டும் தெரிகிறவற்றுக்கு வண்டி வேண்டாம் என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டியைத் திறந்த அன்று 416 சில்லு என்று கணக்குப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

தைப்பொங்கலுக்குத் தொடங்கி, வங்குகளை (கப்பலின் விலா எலும்புகள்) ஏராவில் (அடிமுதுகுக் கட்டை) நிறுத்தும் வரை எல்லாம் வடிவாகத்தான் போனது. பிறகு பலகை ஒட்டத் தொடங்கினேன். அணியத்துக்கு (கப்பலின் முன்முனை) வந்ததும் ஒவ்வொரு பலகையும் முறுகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. நான் தண்ணீரில் ஊறவைத்தேன், உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் இறுக்கினேன், ஆணி அடித்தேன். டக் என்ற சத்தத்தோடு ஒன்பது பலகை உடைந்தது. மிஞ்சியதில் பசை போட்ட இடமெல்லாம் கார்த்திகை மழையில் ஊதி, முன்பக்கம் அம்மைத் தழும்பு முகம்போல ஆகிவிட்டது.

வல்வெட்டித்துறையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர், சின்ன வயதிலிருந்தே கடல்தான். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

"உது ஓடாது மோனை."

"அம்மான், இது பார்க்கிறதுக்குத்தான்."

"பார்க்கவும் ஏலாமல்தானே கிடக்கு. நீ பலகையை இழுத்து வளைக்கிறாய். முதலில் அதின்ர மூக்கைச் சீவு."

எனக்குக் கோபம் வந்தது. இரவு படுத்தபடி யோசித்தபோதுதான் புத்தியில் பட்டது. நடு வங்கில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்து அளந்தால் 120 மில்லிமீற்றர். அணியத்தில் 80 தான். பலகை 5 மில்லிமீற்றர் அகலம் என்றால் நடுவில் 24 பலகை. அதே 24 பலகையும் அணியத்தில் 80 க்குள் அடங்கவேண்டுமானால் ஒவ்வொன்றின் நுனியும் 3.3 ஆகச் சீவப்பட்டிருக்கவேண்டும். சின்னப் பிள்ளையின் வகுத்தல் கணக்கு! முப்பது வருடம் படவரைஞனாக இருந்தவனுக்கு இது தோன்றவில்லை. நுனி பாதி அகலத்துக்கும் கீழே போகிறது என்றால் மேலும் சீவக்கூடாது, ஒரு பலகையை இடையில் நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பலகைகளை அகலமாக விடவேண்டும். இந்த ஒரு பந்தியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மீதியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு விக்டரி கட்டிலுக்கடியில் போனது. ஆறு வருடமாகிறது. நான் எடுத்தது அன்னபூரணியை.

உடனே "ஊர்ப்பெருமை பேச வந்துவிட்டான்" என்று எழுதவேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவி பெயரை வைத்து 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆக்கினார். நம்மூர்ச் சனம் அதை ஓட்டிச்சென்று 1938 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தது. நீளம் 89 அடி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று எடுத்தால், அதாவது 1:48, மாதிரி இருபத்திரண்டேகால் அங்குலம் வருகிறது. மேசையில் அடங்கும். பீரங்கி அடுக்கு இல்லை, சிற்பம் இல்லை, பாய்மரம் இரண்டுதான். புதியவருக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்தக் கப்பல் பிடிக்காவிட்டால் வேறொன்று எடுங்கள், ஆனால் ஒன்றோ இரண்டோ பாய்மரம் உள்ளதாக இருக்கட்டும். பெட்டி வாங்குகிறவர்களை நான் குறைசொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பெட்டியில்கூடச் சின்னப் படகுகள் வருகின்றன.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பக்கத்து வளவுக்காரர் கார் நிறுத்தக் கொட்டகை போடுவதற்காக, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நிழல் தந்த வேம்பைத் தறித்துவிட்டார். வேர் என் மதிலை உடைக்கிறதாம். மதில் என்னுடையது, உடைந்தால் நான் அல்லவா சொல்லவேண்டும்? ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பின்னேரம் மூன்று மணிக்கு என் விறாந்தையில் மனிதர் இருக்கமுடியாது. அந்தக் காரோ கிழமையில் ஆறு நாள் வெளியேதான் நிற்கிறது. சரி, அதை விடுவோம். ஒரு கொப்பை மட்டும் கேட்டு வாங்கினேன். வெட்டுமுகங்களுக்குப் பெயின்ற் பூசி, நிழலில் ஒன்றரை வருடம் போட்டேன். முகம் மூடாவிட்டால் வெடித்துவிடும். ஏராவும் வங்குகளும் அந்த வேம்புதான். மெல்லிய பலகைக்கு அது சரிவரவில்லை, இழை குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் சீவுளி பிய்த்தெடுக்கிறது. பலகைக்கு மரக்காலையில் கழிவாய்க் கிடந்த தேக்கை ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு அறுப்பித்தேன். பாய்மரத்துக்குச் சதுரக் கம்பை எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறாக்கி, கடைசியில்தான் உருட்டவேண்டும். முதலிலேயே உருட்டப்போனால் வாழைப்பழம்போல் வரும்.

இப்போது கயிற்று வேலை. தையல் நூலை அப்படியே கட்டாதீர்கள், பஞ்சு பறந்து கம்பளிப்பூச்சிபோலத் தெரியும். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்து, மெழுகுதிரிச் சுவாலைக்குப் பக்கத்தால் சட்டென்று ஓட்டி எடுத்தால் வழவழப்பாகும். பாய்மரத்தில் ஏறும் கயிற்றேணியின் படிகளைக் கட்டும்போது பின்னால் கோடு போட்ட கடதாசி ஒன்றைச் செருகிவைத்தால் இடைவெளி பிசகாது. இறுக்கிக் கட்டினால் பக்கக் கயிறுகள் உள்ளே இழுபட்டு இடுப்பு ஒடுங்கிவிடும்.

இது அருங்காட்சியகத் தரம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. போன மாசம் அம்மான் மறுபடி வந்து பார்த்தார். அணியத்தைத் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கயிற்றேணியைக் காட்டி, "இரண்டாவது படி சரிவு" என்றார். அதை அவிழ்த்துவிட்டேன். இடப்பக்கம் இன்னும் பதினொரு படி மிச்சம்.