கால்நடை கேள்வி பதில்: தோலடியில் சலைன் ஏற்றிய ஆட்டுக்கு வீக்கம் வந்தால்

கேள்வி: எங்கள் ஏழு மாதப் பெட்டைக் குட்டி, எடை சுமார் 15 கிலோ, இரண்டு நாள்களாகக் கழிந்து சோர்ந்து படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து மருந்து கொடுத்து, விலாப்பக்கம் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். மீதி பாட்டிலை ஏற்றும் முறையையும் எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் ஏற்றியதும் அந்த இடம் தேங்காய் அளவுக்கு வீங்கியது. இப்போது வீக்கம் முன்னங்காலுக்கு அடியில் இறங்கித் தொங்குகிறது. "நரம்பில் ஏற்றாத சலைன் வீண், குளுக்கோஸ் பாட்டில் வாங்கி ஏற்று" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். என்ன செய்வது?
- வாசகி, மணப்பாறை

பதில்: வீக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். தோலுக்கும் தசைக்கும் இடையே உள்ள தளர்ந்த இடத்தில் விட்ட நீர் அங்கேயே சிறிது நேரம் தேங்கி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியாக மெல்ல உடலுக்குள் இழுக்கப்படுகிறது. அதுவரை அது தன் எடையால் கீழ்நோக்கி இறங்கி, முன்னங்கால் இடுக்கிலோ நெஞ்சுக்கு அடியிலோ தொங்குவது இயல்பே. பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் வீக்கம் பெருமளவு வற்றிவிடும். அப்படி வற்றினால் ஆட்டின் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, வீட்டு வைத்தியம் தொடரலாம் என்று பொருள். பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் ஏற்றிய நீர் அப்படியே நின்றால், தோலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்றே கொள்ள வேண்டும். அதற்கு மேலும் தோலடியில் ஏற்றுவது பயன் தராது. அந்த நிலையில் மட்டும் உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வது சரி: நரம்பில்தான் ஏற்ற வேண்டும், அதையும் மருத்துவரே செய்ய வேண்டும்.

ஆனால் குளுக்கோஸ் பாட்டில் விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். தோலடியில் ஏற்றத் தகுந்தவை ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு ஈடான நீர்மங்கள் மட்டுமே, அதாவது ஆர்.எல். எனப்படும் ரிங்கர் லாக்டேட், அல்லது 0.9 விழுக்காடு நார்மல் சலைன். உப்பே இல்லாத 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸை, அதாவது குளுக்கோஸைத் தோலடியில் விட்டால், உடலில் உள்ள உப்பு அந்தக் குளத்தை நோக்கி இழுக்கப்பட்டு, ஏற்கெனவே வறண்டுபோன ஆடு மேலும் தளரக்கூடும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்த டி.என்.எஸ். பாட்டிலும் செறிவு மிகுந்தது என்பதால் தோலடிக்கு ஆகாது. 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸோ தசையையும் தோலையும் புண்ணாக்கி உரித்துவிடும். மருந்துக் கடையில் எல்லாமே ஒரே மாதிரிப் பாட்டில்களாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் பெயர்த்தாளைப் படித்துவிட்டே குழாயைச் செருகுங்கள். வேறு ஊசி மருந்து எதையும் பாட்டிலுக்குள் கலக்க வேண்டாம்.

ஏற்றும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. குளிர்ந்த நீர் ஆட்டுக்கு வலியைத் தருவதோடு மெதுவாகவே உறிஞ்சப்படும். ஆகவே பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்து, உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக உணரும் அளவுக்கு ஆக்கிக்கொள்ளுங்கள். தோள்பட்டைக்குப் பின்னே விலாவின் மேல் தோல் எளிதில் தூக்கப்படும் இடத்தில் மயிரைக் கத்தரித்து, ஸ்பிரிட் தடவி, தோலைக் கூடாரம் போல் பிடித்துத் தூக்கி, 18 எண் ஊசியை விலாவுக்கு இணையாகச் செலுத்துங்கள். குழாயில் உள்ள காற்றை முன்பே வெளியேற்றிவிட வேண்டும். குழாய்க்குள் ரத்தம் ஏறினால் ஊசியை எடுத்துவிட்டு வேறிடம் பாருங்கள். உங்கள் குட்டிக்கு ஓரிடத்தில் 150 மில்லிக்கு மேல் விட வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலை இரு பக்கமும் நான்கு இடங்களில் பிரித்து ஏற்றுவதே நல்லது. இடத்துக்கு இடம் புது ஊசி வையுங்கள். மறுநாள் அந்த இடம் சூடாகி, கெட்டித்து, தொட்டால் ஆடு துடித்தால், அது சீழ் பிடிப்பதன் அறிகுறி. தோல் கருத்து, அழுத்தினால் நொறநொறவென்று ஒலித்தால் மருத்துவரை அழைக்க ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அரை லிட்டர் சலைனால் மட்டும் கணக்கு தீராது. உடல் எடையில் 6 விழுக்காடு நீரை இழந்திருந்தால் 15 கிலோ குட்டிக்கு 900 மில்லி பற்றாக்குறை. அதற்கு மேல் அன்றாடத் தேவையாகக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி வீதம் இன்னொரு 750 மில்லி வேண்டும். இன்னும் கழிந்துகொண்டிருந்தால் அதுவும் சேரும். ஆகவே தலையை நிமிர்த்தி விழுங்கக்கூடிய ஆட்டுக்கு, மனிதர்களுக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, மீதியை வாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஊட்டும்போது முகவாயை அண்ணாந்து தூக்காமல் முதுகு மட்டத்திலேயே வைத்து, கடைவாய் ஓரமாக விடுங்கள். அண்ணாக்க ஊற்றியது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாகி மாண்ட ஆடுகள் ஏராளம். தலை துவண்ட ஆட்டுக்கு வாயில் எதுவும் ஊற்றவே கூடாது. கழிச்சலுக்குச் சோற்றுக் கஞ்சி ஊட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது இரைப்பையில் புளித்து நிலைமையைக் கெடுக்கும். அகத்தி, பூவரசு, கிளுவை போன்ற தழைகளைக் கட்டித் தொங்கவிட்டால், முற்றிலும் தீனி மறுத்த ஆடுகூடச் சில சமயம் ஓரிரு இலைகளைக் கடிக்கும்.

படுத்த ஆடு ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடந்தால் வயிறு உப்பிவிடும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் சுருணையோ மணல் மூட்டையோ அண்டைக் கொடுத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இடப்புற விலாவுக்குப் பின்னேயுள்ள பள்ளத்தில் கையை வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு அலை எழ வேண்டும். அசை திரும்புவதே நல்ல செய்தி. ஆசனவாயில் வெப்பமானி வைத்து நாளுக்கு இருமுறை பாருங்கள். 101.5 முதல் 104 பாரன்ஹீட் வரை இயல்பு. 100-க்குக் கீழே இறங்கினால், அல்லது கண் குழிந்து ஈறு வெளுத்துக் காது சில்லிட்டால், சலைனோடு மல்லுக்கட்டாமல் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழையுங்கள்.

சலைன் கழிச்சலுக்கு மருந்து அன்று. ஆடு தாக்குப்பிடிக்க உதவுவது மட்டுமே. குடற்புழுவா, ரத்தக் கழிச்சலா, துள்ளுமாரி எனும் குடல் நச்சு நோயா என்பதை மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்து, வாய்ப் புண்ணும் காய்ச்சலும் கூடவே இருந்தால் ஆட்டுக்கொல்லி நோய் என ஐயுற்று, மற்ற ஆடுகளிலிருந்து உடனே பிரித்துக் கட்டுங்கள். இந்தியாவில் இந்நோய் முதலில் 1987-இல் விழுப்புரம் பகுதி அரசூரில் செம்மறிகளில்தான் உறுதி செய்யப்பட்டது. அங்கு கிடைத்த நச்சுயிரிலிருந்தே 'அரசூர் 87' தடுப்பூசியும் உருவானது. உங்கள் குட்டிக்கு அந்தத் தடுப்பூசி போடப்பட்டதா என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: தாடைக்கு அடியில் நீர்க்கட்டு உள்ள ஆட்டுக்கும் இப்படிச் சலைன் ஏற்றலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பொதுவாக வேண்டாம். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் குடிக்கும் புழுவால் ரத்தப் புரதம் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். புரதம் குறைந்த ரத்தம் தோலடி நீரைச் சரியாக இழுத்துக்கொள்ளாது, வீக்கமே மேலும் கூடும். அந்த ஆட்டுக்கு முதலில் வேண்டியது புழுவுக்கு மருந்தும், சில வேளைகளில் வேறொரு ஆட்டின் ரத்தமும்.